வெங்காய மேடத்தின் சிவப்பு

“நிறுத்து! ஓரமா நிறுத்து!”

ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் பெண்ணுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதிக்கிறாள். பயிற்சிக் கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோகிறது. யார் மேல் ஏற்றிவிட்டோம் என்று கேட்கவும் தைரியமில்லாமல் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் மேடம் கதவைத் திறந்து இறங்கிப் பழச்சாறு கடை வாசலுக்குப் போயாயிற்று.

“எடுத்து வச்சிருக்கேன் மேடம்,” என்று கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை நீட்டுகிறார். பை நிறைய மாதுளைத் தோல். “ஆரஞ்சுத் தோலும் நிறைய கிடக்கு. வேணுமா?”

“அது வாசனைதான் விடும், கலர் விடாது. நீங்களே வச்சுக்குங்க.”

பையைக் காரின் பின்பக்கத்தில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, மேடம் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டுகிறார். “கண்ணைத் திற. யாரும் சாகல. பிரேக் நல்லாத்தான் போட்டே. ஆனா கண்ணாடியைப் பார்க்கல. பின்னாடி லாரி வந்திருந்தா நாம ரெண்டு பேரும் இந்நேரம் காகிதமா ஆகியிருப்போம். கிளட்ச்சை மிதி, ஸ்டார்ட் பண்ணு.”

ஓட்டுநர் பள்ளியில் அவருக்கு ‘வெங்காய மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. காரின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தால் காரணம் விளங்கிவிடும்: உபரி டயரை ஓரங்கட்டிவிட்டு அங்கே ஒரு மூட்டை வெங்காயச் சருகு குடியிருக்கிறது. காய்கறிக் கடைக்காரர் வாராவாரம் சேர்த்துக் கொடுப்பது. முதல் வகுப்பிலேயே கண்ணீர்விட்ட வங்கி அதிகாரி ஒருவர், அது பயத்தில் வந்த அழுகை இல்லை, வெங்காயத்தால் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். காய்ந்த சருகு கண்ணைக் கரிக்காது என்று மேடம் அவரிடமே சொல்லிவிட்டார். அதோடு அவர் வேறு பள்ளியில் சேர்ந்துகொண்டார் என்று கேள்வி.

அதுதான் மேடத்தின் சுபாவம். மனசில் ஒன்று, வாயில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாது. “உங்க வீட்டுக்காரர் காரை ஓட்டலம்மா, கார்தான் அவரை ஓட்டுது. இன்னும் ஒரு மாசம் வரட்டும்,” என்பார். ஒரே ஒரு முறை நாகரிகத்துக்காகப் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரி புதுத் திரைச்சீலையைக் காட்டி எப்படி என்று கேட்டபோது, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்க் கதவைத் தட்டி, “நல்லா இல்லீங்க, சுத்தமா நல்லா இல்ல,” என்று சொல்லிவிட்டு வந்த பிறகுதான் பசித்தது.

வயது ஐம்பத்தொன்று. குள்ளம். காரில் ஒரு மெத்தை போட்டுத்தான் உட்காருகிறார். நகங்கள் ஒரு வாரம் மஞ்சள், ஒரு வாரம் பாசி நிறம், ஒரு வாரம் நாவல் பழம் தின்ற வாய் மாதிரி. கியரில் தன் கையை வைத்து அவர் மாற்றிக் காட்டும்போது, பழகுகிறவர்கள் கியரைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பைத்தியம் பிடித்து மூன்று வருடமாகிறது. லைசென்ஸ் அலுவலகத்தில் ஒரு நாள், தன்னிடம் ஓட்டப் பழகுகிறவரின் முறை வராமல் நாலு மணி நேரம் காத்துக்கிடந்தபோது, நாற்காலிக்கு அடியில் கிடந்த அட்டையில்லாத பத்திரிகை ஒன்று கையில் அகப்பட்டது. எழுநூறு, எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் மனிதர்கள் எதிலிருந்தெல்லாம் வண்ணம் எடுத்தார்கள், எப்படி மை செய்தார்கள், எப்படி மெழுகு வார்த்தார்கள் என்று அதில் படம் போட்டு எழுதியிருந்தது. படித்து முடித்தார், வீட்டுக்கு வந்தார், வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்தார், அதில் போட கைக்கு அகப்பட்ட முதல் வெள்ளைத் துணி கணவரின் வேலைச் சட்டை. அது தகதகவென்று மஞ்சளாக வெளியே வந்தது. கணவர் ஒரு வார்த்தை சொல்லாமல் அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பப்பட்டார். “சூப்பர்வைசருக்குக் கலர் பத்தி ஒண்ணும் தெரியல,” என்று மட்டும் வந்து சொன்னார்.

சாயத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தேன்மெழுகில் பத்து மெழுகுவர்த்தி வார்த்தார். பத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டு நின்றன, யாரையோ எட்டிப் பார்ப்பது போல. கடுக்காயையும் துருப்பிடித்த ஆணியையும் ஊறவைத்து மை காய்ச்சி, இறகைச் சீவி, அதில் தொட்டு ஒருவரின் லைசென்ஸ் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தார். எழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். போர்வீரர்கள் போட்டுக்கொண்ட இரும்பு வளையச் சட்டை ஒன்று செய்ய ஆரம்பித்து, வளையம் வளையமாகக் கோத்து, உள்ளங்கை அகலம் வந்ததும் கை நோவெடுத்து நிறுத்திவிட்டார். அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்க அதைப்போல் ஒரு சாமான் கடையில் கிடைக்காது.

நாடா நெசவு இன்னொன்று. நாலு மூலையிலும் ஓட்டை போட்ட அட்டைகளில் நூலைக் கோத்து, ஒரு முனையைக் கதவின் கைப்பிடியிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு, அட்டைகளைத் திருப்பித் திருப்பி நெய்ய வேண்டும். அழகான நாடா வரும். ஆனால் அந்தச் சமயம் பார்த்து யாராவது மணி அடித்தால், “இருங்க, இருங்க, என்னைக் கதவோட கட்டியிருக்கு!” என்று உள்ளேயிருந்து குரல் வரும். புதிதாக வந்த தபால்காரர் இதைக் கேட்டுப் போலீசைக் கூப்பிடப் போய்விட்டார்.

வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிவிட்டது. கைபேசியில் யாராவது மேடத்தைக் கேட்டால் கணவர் சொல்வார்: “அவ இப்ப பதினாலாம் நூற்றாண்டுல இருக்கா. அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க, திரும்பி வந்துடுவா.”

கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் வாட்டர் ஃபில்டர் மெக்கானிக். வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் சுத்தம் செய்யும் கருவிகளைக் கழற்றி மாட்டுகிறவர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பேனா மாதிரியே ஒரு கருவி இருக்கும். தண்ணீரில் விட்டால் அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டும். விருந்துக்குப் போன இடத்தில்கூட டம்ளரில் அதை விட்டுப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். அவர்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடியில் குழாயைத் திறந்தால் வருவது பெயருக்குத்தான் தண்ணீர். வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஓடு கட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரைக் கணவர் ஜென்மப் பகையாகவே நினைத்தார்.

மேடம் சாயம் காய்ச்ச ஆரம்பித்த இரண்டாவது வாரம் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து, சமையலறைச் சுவரைத் துளைத்து, குழாய் இழுத்து, பின்பக்கப் பால்கனியில் மேடத்தின் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபில்டரும் தனிக் குழாயும் மாட்டிக் கொடுத்தார். “ராஜா காலத்து வேலை செய்யறே. அதுக்கு இந்தக் கண்றாவித் தண்ணியையா ஊத்துவே? இது மழைத்தண்ணியைவிடச் சுத்தம்.” கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் மேடத்துக்கு வாங்கிக் கொடுத்த பொருட்களில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. போகிற வீட்டிலெல்லாம், “எங்க வீட்ல சாயம் போடறதுக்கே ஃபில்டர் தண்ணிதான்,” என்று சொல்லி வைத்தார். அந்தக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் மேடத்துக்கும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கும்.

அந்தப் பால்கனியில் எல்லா நிறமும் வந்தது. வெங்காயத்தில் மஞ்சள் வந்தது. மாதுளைத் தோலில், துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர் சேர்த்தால், மழை மேகத்தின் கருப்பு வந்தது. அவுரியில் நீலம் வந்தது; அது வந்த வாரம் நாற்றம் தாங்காமல் எதிர்வீட்டுக்காரி தன் நன்றாயில்லாத திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டாள். சிவப்பு மட்டும் வரவில்லை. மூலிகைக் கடையில் மஞ்சிட்டி வேர் வாங்கி, இடித்து, ஊறவைத்துக் காய்ச்சினால் சிவப்பு வரும் என்றுதான் எல்லாக் குறிப்பும் சொல்லியது. மேடத்துக்கு வந்தது பழுப்பு. ஒரு தடவை செங்கல், ஒரு தடவை துரு, ஒரு தடவை ஆறிப்போன தேநீர். மூன்று வருடத்தில் பதினேழு தடவை முயன்று பதினேழு பழுப்பு.

அவரும் விடவில்லை. வேர் சரியில்லையோ என்று மூன்று கடை மாற்றினார். நிறத்தைத் துணியில் ஒட்டவைக்கிற படிகாரத்தைக் கூட்டினார், குறைத்தார். எழுபது டிகிரிக்கு மேல் சூடேறினால் வேரிலுள்ள பழுப்பு கிளம்பிவிடும் என்று படித்துவிட்டு, வீட்டிலிருந்த ஜுரமானியைப் பாத்திரத்தில் விட்டார். அது ஒரு முறை அலறிவிட்டு அதோடு கண்ணை மூடியது. அப்புறம் பால் காய்ச்சுகிறவர்கள் வைத்திருக்கும் வெப்பமானி வாங்கினார். அறுபத்தைந்திலேயே நிறுத்தினார். பழுப்பு.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் மகள் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது; இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை சேர வேண்டும். மூன்று வருடமாக அம்மாவின் துணி எதையும் அவள் உடம்பில் போட்டுக்கொண்டதில்லை. தோழிகள் வந்தால் பால்கனிக் கதவைச் சாத்திவிடுவாள்.

“அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன்,” என்றாள்.

நேர்முகத் தேர்வில் இவளைத் தவிர ஏழு பேர். எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல் என்று கேட்டபோது, இவள் வாயில் என்ன புகுந்ததோ, அம்மா வேரிலும் தோலிலும் சாயம் காய்ச்சுவதை, கதவோடு கட்டிக்கொண்டு நெய்வதை எல்லாம் சொல்லிவிட்டாள். கேள்வி கேட்டவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் அதையே கேட்டார்கள். தலைமை வரைவாளர் அம்மாள், சிவப்பு போடுவாங்களா, அது ரொம்பக் கஷ்டமாமே என்றாராம்.

“நீ என்ன சொன்னே?”

“எங்கம்மாவுக்கு அதெல்லாம் ஜுஜுபின்னுட்டேன். முதல் நாள் சிவப்புச் சால்வை போட்டுட்டு வர்றேன்னும் சொல்லிட்டேன்.” மகள் தலையைக் குனிந்துகொண்டாள். “கடையில ஒண்ணு வாங்கிக்கறேன்மா. யாருக்குத் தெரியப் போகுது.”

“வாங்காதே,” என்றார் மேடம். பதினேழு பழுப்பையும் மறந்து அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் சிவப்பு இல்லை. தன் வேலையைப் பற்றித் தன் மகள் நாலு பேர் முன்னால் பெருமையாகப் பேசியிருக்கிறாள் என்பதுதான். அந்தப் பெருமை திங்கட்கிழமை காலையில் பழுப்பாகப் போய் நிற்கக் கூடாது.

வெள்ளைக் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கினார். முதலில் துண்டு நூலில் இரண்டு சோதனை செய்தார். பதினெட்டு, பத்தொன்பது. இரண்டும் பழுப்பு. அந்த வாரம் வண்டியில் போகும்போது சிக்னலில் சிவப்பு விழுந்தால் பச்சை வந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழகுகிறவர்கள் அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

கடைசி நாள், ஞாயிறு. கைவசம் ஒரு தடவைக்குத்தான் வேர் இருந்தது. சால்வை முந்தின நாளே படிகாரத்தில் வெந்து ஈரமாகத் தயாராக இருந்தது. மேடம் காலை ஆறு மணிக்கே பால்கனிக்கு வந்து பாத்திரத்தை வைத்துத் தன் குழாயைத் திறந்தார். குழாய் ‘கர்’ரென்று ஒரு சத்தம் போட்டது. நாலு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

கணவர் எழுந்து வந்து ஃபில்டரைக் கழற்றி உள்ளே பார்த்தார். “உள்ளே வடிகட்டற மெம்ப்ரேன் அடைச்சுப்போச்சு. மூணு வருஷம் இந்தத் தண்ணியோட மல்லுக்கட்டியிருக்கில்ல, பாவம்.” உறவுக்காரர் போனதைச் சொல்வது போலச் சொன்னார். “நான் போய்ப் புதுசு வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதே. முக்கியமா சமையலறையில ஃபில்டர் இல்லாத அந்த மொட்டைக் குழாயைத் தொடாதே. சால்வை பாழாயிடும்.”

ஏழு மணிக்குப் போனவர் எட்டரைக்குக் கூப்பிட்டு, கடை பூட்டியிருக்கிறது, அடுத்த கடைக்குப் போகிறேன் என்றார். ஒன்பதரைக்குக் கூப்பிட்டு, அங்கே வேறு அளவுதான் இருக்கிறது என்றார். மேடம் கணக்குப் போட்டுப் பார்த்தார். சூடேற்ற ஒரு மணி நேரம், சூட்டில் வைத்திருக்க இரண்டு மணி நேரம், அலச, பிழிய. தடித்த கம்பளி, மத்தியானத்திலிருந்து விடியும்வரை காற்று வாங்கினால்தான் காயும். பத்து மணிக்குமேல் ஒரு நிமிடமும் தாங்காது.

பத்து மணிக்கு மேடம் சமையலறைக்குப் போனார். மொட்டைக் குழாய்க்கு முன்னால் நின்றார். பழக்க தோஷம், வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை பார்த்தார். திறந்தார். பாத்திரம் நிறைய அந்தக் கண்றாவித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து அடுப்பில் வைத்து, வேரைக் கொட்டி, வெப்பமானியை விட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்றுதான் இருந்தது.

ஐம்பது டிகிரியில் வழக்கமாகப் பாத்திரம் தேநீர் ஆகும். இன்று ஆகவில்லை. அவர் எழுந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அறுபதில் சால்வையை இறக்கினார்.  எத்தனையோ பேர் லாரிக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோதும் பதறாதவர், இப்போது தீயைக் கூட்டினார், குறைத்தார், அணைத்தார், மறுபடி பற்றவைத்தார். இரண்டு மணி நேரமும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பிறகு கரண்டிக் காம்பில் சுற்றிச் சால்வையைத் தூக்கினார். தூக்கியவர் வாய்விட்டுக் கத்தினார்.

தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து மகள் ஈரத் துண்டோடு ஓடிவந்தாள். வந்தவள் துண்டைக் கீழே போட்டாள். சொட்டச் சொட்ட அம்மாவின் கையில் தொங்கியது சிவப்பு. செங்கல் இல்லை, துரு இல்லை. கண்ணை மூடினாலும் உள்ளே தெரிகிற சிவப்பு.

“அம்மா! இது நீ போட்டதா?”

“பின்னே உங்க தலைமை வரைவாளரா வந்து போட்டாங்க?” என்ற மேடம், அடுத்த நொடி மகளைக் கட்டிக்கொண்டார். மகளின் வெள்ளைச் சட்டையின் முதுகில் பத்து விரலும் அப்படியே பதிந்தன. அவள் கவலைப்படவில்லை. இரண்டு பேரும் அந்தச் சின்னப் பால்கனியில் குதித்ததில் பாதிச் சாயம் தரையில் கொட்டியது.

குதித்து முடித்து, அலசிப் பிழிந்து கொடியில் போட்ட பிறகு மேடம் யோசித்தார். வேர் அதே கடை. படிகாரம் அதே அளவு. பாத்திரம் அதே பாத்திரம், சூடு அதே சூடு. அப்படியானால் என்ன மாறியது? மகள் கைபேசியில் தேடிப் படித்தாள். “மஞ்சிட்டிக்குச் சுண்ணாம்புத் தண்ணிதான் வேணுமாம்மா. ரொம்பச் சுத்தமான தண்ணியில சிவப்பு வராதாம், பழுப்பாப் போயிடுமாம்.”

மேடத்தின் முகம் வாடிவிட்டது. அவர் சுவரில் திறந்து கிடந்த ஃபில்டரைப் பார்த்தார்.

“ஐயோ,” என்றார். “உங்கப்பா.”

மகளுக்கும் உறைத்தது. “சொல்லாதேம்மா. அவர் பாட்டுக்கு மாட்டட்டும். நீ சத்தம் போடாம சமையலறைக் குழாயில பிடிச்சுக்கோ. அவருக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே,” என்றார் மேடம். சால்வையை நாலு பேர் பார்க்கப் போகிற சந்தோஷத்தில்கூட அவர் கண் ஃபில்டர் குழாயை விட்டு நகரவில்லை. அந்தக் குழாய் அவர் கணவரின் கௌரவம். எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறார்!

கணவர் இரண்டு மணிக்கு வந்தார். ஐந்து கடை ஏறி இறங்கியிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. புது மெம்ப்ரேனைப் பச்சைக் குழந்தையைப் போல் கையில் ஏந்திக்கொண்டு, “கிடைச்சுடுச்சு, கிடைச்சுடுச்சு, இதோ மாட்டிடறேன்,” என்று பால்கனிக்குள் காலை வைத்தவர் கொடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சுங்க.”

“சிவப்பா?”

“சிவப்பேதான்.”

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. சால்வையைச் சுற்றி வந்தார். ஓரத்தைத் தொட்டு முகர்ந்துகூடப் பார்த்தார். “நான்தான் சொன்னேன்ல, வரும்னு! எந்தத் தண்ணி? பாட்டில் வாங்கினியா?”

மகள் அம்மாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள்.

“மொட்டைக் குழாய்த் தண்ணிங்க,” என்றார் மேடம்.

கணவர் நம்பவில்லை. மிச்சமிருந்த வாளித் தண்ணீரில் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து விட்டார். “எழுநூத்தி நாப்பது,” என்றார். “இதுலயா?”

“அந்தச் சுண்ணாம்புதான் வேருக்கு வேணுமாம். இப்பத்தான் தெரிஞ்சுது. உங்க தண்ணியில ஒரு தப்பும் இல்லைங்க. ரொம்ப நல்ல தண்ணி. அதனாலதான் சிவப்பு வரல.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தரையில் கொட்டியிருந்த சாயத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “அப்ப அந்தப் பழுப்பு,” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “அத்தனை பழுப்பும் நான் போட்டதா?”

இல்லை என்று சொல்ல மேடத்துக்கு ஆசையாக இருந்தது. வாயில் வரவில்லை. “ஆமாங்க,” என்றார்.

கணவர் தலையை ஆட்டிக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார், அது சரியாக வரவில்லை. எழுந்து பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஃபில்டருக்கு முன்னால் போய் நின்றார். “இனிமே இது எதுக்கு இங்க? கழட்டிடறேன். சுவத்துல இருக்கற ஓட்டையை நாளைக்கு அடைச்சுடலாம்.”

மேடம் அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கினார். ஸ்டூலில் கிடந்த புது மெம்ப்ரேனை எடுத்து அந்தக் கையில் வைத்தார். “முதல்ல இதை மாட்டுங்க,” என்றார்.

அவர் ஸ்பேனரைத் திரும்ப வாங்கி அதை மாட்டினார்.  கடைசியில் குழாயைத் திறந்து, முதலில் வரும் தண்ணீர் ஆகாது என்று பத்துப் பன்னிரண்டு டம்ளர் அளவுக்குக் கீழே ஓடவிட்டார். பிறகு பேனாவை விட்டுப் பார்த்தார். எண்ணைப் படித்துவிட்டு வெளியே சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டார்.

மேடம் உள்ளே போய் டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். முழங்கை வரைக்கும் சிவந்த கையால் அதைக் குழாயடியில் பிடித்து, தளும்பத் தளும்ப நிரப்பி, நின்றபடியே அண்ணாந்து மடக்கு மடக்கென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். தண்ணீர் மோவாயில் வழிந்து கழுத்தை நனைத்தது. துடைத்துக்கொள்ளாமல், கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, காலி டம்ளரை மறுபடி குழாயடியில் நீட்டினார்.